போர் கண்ட வண்டிகள்

பொதியமலைத் தொடரின் அடிவாரத்தில், சிற்றாற்றின் கரையிலே அமைந்த எழில்மிக்க நகரம் தென்காசி. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால், மேற்கேயுள்ள மலை இடைவெளியின் வழியாகச் சாரற்காற்று தவழ்ந்துவரும். குற்றாலத்துப் பேரருவியும் ஐந்தருவியும் ஆரவாரித்து வீழும். அவ்வருவிகளில் நீராட வருவோர் தென்காசியிலுள்ள காசி விசுவநாதர் திருக்கோயிலையும் கண்டு வணங்கிச் செல்வர்.

அக்கோயில் 15-ஆம் நூற்றாண்டிலே பராக்கிரம பாண்டியனால் எடுப்பிக்கப்பெற்றது. அங்கே அவ்வரசன் பொறித்த கல்வெட்டு ஒன்று கற்றோர் உள்ளத்தை உருக்க வல்லது. பிற்காலத்தில் இக்கோயிலுக்குப் பழுது நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவர் அடிகளைத் தான் பணிவதாக அம்மன்னன் கூறுகின்றான். நாடாளும் வேந்தன், இன்னும் பிறவாத மக்களின் அடிகளில் தன் முடியைத் தாழ்த்துகின்றான். அவன் பணிவு வீண்போகவில்லை. நெடுங்காலம் சிதைந்து நின்ற இராசகோபுரம் பிற்காலத்தவர் முயற்சியால் மீண்டும் எழுந்தது. 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்கும் கண்டது.

ஆக்குதல் ஒரு தொழில். காத்தல் மற்றொரு தொழில். இரண்டாவது தொழில் முன்னதினும் எளியதன்று. கோயிலையும் ஓலைச்சுவடியையும் காக்கவேண்டும் என்பதை நாம் அனைவரும் ஒப்புக்கொள்வோம். ஆனால், நம் பாட்டனார் ஏறிச் சென்ற பழைய மிதிவண்டியைக் காக்கவேண்டும் என்று சொன்னால் பலர் நகைப்பர். வீட்டின் பின்கட்டிலே துருவேறிக் கிடக்கும் அவ்வண்டியைக் காயலான் கடைக்காரர் எடைக்கு எடை விலைபேசி எடுத்துச் செல்வார். அதனோடு ஒரு காலத்தின் கதையும் வெளியேறிவிடும். இவ்வாறு அழிந்தொழியும் பொருள்களுள், சென்ற நூற்றாண்டின் பெரும்போரிலே உழைத்த ஊர்திகளும் மிதிவண்டிகளும் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. அவை எவை, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தன, அவற்றைத் திரட்டிக் காப்போர் அறியவேண்டிய முறைகளும் சட்டங்களும் யாவை என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

போர் ஊர்திகளுள் உலகப் புகழ் பெற்றது ஜீப்பு வண்டி. இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1940-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், அமெரிக்கப் படைத்துறையினர் வண்டி செய்யும் நிறுவனங்களுக்கு ஓர் அறிவிப்பு விடுத்தனர். கால் டன் சுமையைத் தாங்கவேண்டும், எடை குறைந்திருக்கவேண்டும், சேற்றிலும் மணலிலும் மலைச்சரிவிலும் ஓடவேண்டும், முதல் வண்டியை 49 நாள்களில் செய்து தரவேண்டும் என்பன அவர்கள் விதித்த கட்டளைகள். பெரிய நிறுவனங்கள் தயங்கி நின்றவேளையில், பாண்டம் என்னும் சிறிய நிறுவனம் முன்வந்தது. கார்ல் பிராப்ஸ்ட் என்னும் பொறியாளர் அதற்கு வரைபடம் வகுத்தார். குறித்த நாளிலே, 1940-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள், வண்டி படைத்துறையிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும், பேரளவில் செய்து குவிக்கும் ஆற்றல் அச்சிறு நிறுவனத்திற்கு இல்லை. ஆகவே, வில்லிஸ், போர்டு ஆகிய இரு நிறுவனங்களிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. போர் முடிவதற்குள் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகளைச் செய்தன. வழியை முதலில் கண்டவர் ஒருவர். புகழைப் பெற்றவர் பிறர். வரலாற்றில் இவ்வாறு நிகழ்வது புதிதன்று.

இவ்வண்டியின் சிறப்பு யாது? பொதுவாக அக்காலத்து மோட்டார் வண்டிகளில், இயந்திரத்தின் ஆற்றல் பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்லும். சேற்றிலே பின்சக்கரங்கள் புதைந்துவிட்டால், அவை இருந்த இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. ஜீப்பு வண்டியிலோ, ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளியவுடன் முன்சக்கரங்களுக்கும் ஆற்றல் செல்லும். பின்னவை தள்ள, முன்னவை இழுக்க, வண்டி சேற்றைக் கடந்துவிடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தொலைவு 80 அங்குலமே ஆதலால், குறுகிய மலைப்பாதையிலும் அது எளிதில் திரும்பும். வில்லிஸ் வண்டியின் நான்கு உருளை இயந்திரம் 60 குதிரைத்திறன் உடையது.

இந்தியாவின் கிழக்கெல்லையில் இவ்வண்டிகள் அரும்பணி ஆற்றின. 1944-ஆம் ஆண்டில் இம்பால், கோகிமா ஆகிய இடங்களில் நிகழ்ந்த கொடும்போரில், மழையிலும் சேற்றிலும் உணவையும் மருந்தையும் சுமந்து சென்றவை இவை. காயமுற்றோரைத் தாங்கித் திரும்பியவையும் இவையே. பர்மாவில் இவை இருப்புப்பாதையின்மீதும் ஓடின. இரப்பர்ச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, இருப்புப்பாதைக்குரிய சக்கரங்களைப் பூட்டி, சிறு வண்டித் தொடர்களை இழுக்கச் செய்தனர்.

போர் ஓய்ந்தது. படைகள் கலைந்தன. ஆயிரக்கணக்கான ஊர்திகள் வேலையின்றி நின்றன. அவற்றைக் கடல்கடந்து திருப்பி எடுத்துச் செல்வது பெருஞ்செலவு. ஆதலின், பல வண்டிகள் இந்நாட்டிலேயே ஏலத்தில் விற்கப்பட்டன. அக்காலத்துத் தமிழ்நாட்டின் நிலையையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. பேருந்துகளின் பின்புறத்திலே கரியடுப்புப் பூட்டி, அதிலிருந்து எழும் வாயுவினால் அவற்றை ஓட்டினர். புதிய வண்டிகள் வருவதோ முற்றும் தடைப்பட்டிருந்தது. இந்நிலையில் ஏலத்திற்கு வந்த படைத்துறை ஊர்திகளை மக்கள் விரும்பி வாங்கினர். படைத்துறைச் சுமைவண்டிகள் சரக்கு லாரிகளாயின. ஜீப்பு வண்டிகள் மலைத்தோட்டங்களுக்கு ஏறின. மாட்டுவண்டியும் செல்லத் தயங்கிய மலைவழிகளில் அவை தொழிலாளரையும் விளைபொருளையும் ஏற்றிச் சென்றன. போர்த்தொழிலை விட்டு உழவுத்தொழிலுக்கு வந்த வீரரைப்போல அவை வாழ்ந்தன எனலாம்.

1940-களின் இறுதியில் பம்பாயிலிருந்த மகிந்திரா நிறுவனம், வில்லிஸ் வண்டிகளின் உறுப்புகளை வரவழைத்துப் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் அவ்வுறுப்புகளை இந்நாட்டிலேயே செய்தது. ஆகவே, நம் ஊர்களில் காணப்படும் பழைய ஜீப்பு வண்டிகளில் பெரும்பாலானவை போர் கண்டவை அல்ல; போருக்குப் பின்னர்ப் பிறந்தவை. இவ்வேறுபாட்டைப் பழைய வண்டிகளைத் திரட்டுவோர் முதற்கண் அறிதல் வேண்டும்.

இந்தியப் படைக்கென்றே செய்யப்பட்ட ஊர்திகளும் உள. ஜபல்பூரிலுள்ள அரசாங்கத் தொழிற்சாலையிலே ஜோங்கா என்னும் வண்டி 1969-ஆம் ஆண்டு முதல் 1999-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்டது. சப்பானிய நிசான் வண்டியை ஒட்டி அமைந்தது அது. சென்னையிலே 1955-ஆம் ஆண்டில் தோன்றிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் இயந்திர வண்டிகள் படைவீரர்க்கும் காவலர்க்கும் பல்லாண்டுகள் உழைத்தன. இவையும் இன்று திரட்டுவோரால் மதிக்கப்படுகின்றன.

இனி மிதிவண்டியின் கதையைக் காண்போம். ஓசையின்றி ஓடும் இந்த எளிய ஊர்தி போர்க்களத்திற்குச் சென்றது என்றால் மாணவர்கள் வியப்படையலாம். 1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் சப்பானியப் படைகள் மலாயாவின் வடகரையில் இறங்கின. அங்கிருந்து தெற்கே நெடுந்தொலைவிலுள்ள சிங்கப்பூரை நோக்கி அவை விரைந்தன. காட்டிடை வழிகளிலும் தோட்டப் பாதைகளிலும் வீரர் பலர் மிதிவண்டியேறிச் சென்றனர். பாலங்கள் தகர்க்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளிலே தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தனர். வண்டி பழுதுபட்டால், வழியிலுள்ள ஊரிலே வேறொன்றைப் பறித்துக்கொண்டனர். போருக்கு முன் சப்பானிய மிதிவண்டிகள் மலாயாவில் மிகுதியாக விற்கப்பட்டிருந்தமையால், மாற்று உறுப்புகளுக்கும் குறைவில்லை. இரப்பர் வளையங்கள் கிழிந்துபோனபோது, வெறும் இரும்பு வளையத்தின்மீதே ஓட்டிச் சென்றனர். நள்ளிரவில் எழுந்த அக்கடகட ஒலியைக் கேட்டு, பீரங்கி வண்டிகள் வருகின்றன என்று எதிர்ப்படையினர் மயங்கியதும் உண்டு. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

இச்செய்தி தென்காசி மக்களுக்குத் தொலைநாட்டுக் கதையன்று. தென்காசியிலிருந்தும் அருகிலுள்ள கடையநல்லூரிலிருந்தும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல குடும்பத்தினர் பிழைப்பு நாடிச் சிங்கப்பூர் சென்றிருந்தனர். கடையநல்லூர் மக்கள் ஆங்கே ஒன்றுகூடி 1941-ஆம் ஆண்டில் தமக்கெனச் சங்கமும் அமைத்தனர். அதே ஆண்டின் இறுதியில் போர் வந்தது. கடிதங்கள் நின்றன, பணம் வருவதும் நின்றது. கடலின் இக்கரையில் தாயரும் மனைவியரும் செய்தியின்றித் தவித்தனர். மலாயாவின் தோட்டங்களிலிருந்த தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே இருப்புப்பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு, நோயாலும் பசியாலும் மாண்டனர். ஓசையின்றி வந்த மிதிவண்டி எத்தனை இல்லங்களில் ஓலத்தை எழுப்பியது! ஆதலின், போர் ஊர்திகளைக் காப்பவர், போரின் வெற்றிமுழக்கத்தை மட்டும் காத்தல் ஆகாது. அதன் அழுகுரலையும் காத்தல் வேண்டும்.

மிதிவண்டியை ஆங்கிலப் படையினரும் பயன்படுத்தினர். பிஎஸ்ஏ நிறுவனத்தார் 1942-ஆம் ஆண்டு முதல் வான்படை வீரர்க்கென மடக்கு மிதிவண்டி ஒன்றைச் செய்தனர். அதன் சட்டத்தில், கைக்கு அடங்கும் இரு சிறகுத் திருகுகள் உள. அவற்றைத் தளர்த்தினால் வண்டி நடுவே இரண்டாக மடியும். மிதிகட்டைகளுக்கு மாறாக எளிய இரும்புக் குச்சிகளே உள; அவற்றை உள்ளே தள்ளிவிடலாம். வானூர்தியிலிருந்து வான்குடையின் உதவியால் வண்டியை இறக்கி, வீரர் தரையிலே அதனை விரித்து ஏறிச் செல்வர் என்பது அதனை வகுத்தோர் கருத்து. 60,000-க்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 1944-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய வீரர் சிலர் இவற்றைத் தோளிலே சுமந்துகொண்டு கரையேறினர். இவ்வண்டிகளுள் எஞ்சியவை இன்று காட்சிச்சாலைகளில் போற்றப்படுகின்றன.

தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய பழைய மிதிவண்டிகளில் பெரும்பாலானவை போருக்குச் சென்றவை அல்ல. எனினும், ராலி, ஹெர்குலிஸ், ஹம்பர், பிலிப்ஸ் என்னும் அவற்றின் பெயர்களே நம் நாடு அயல்நாட்டை நம்பியிருந்த காலத்தை நினைவூட்டுகின்றன. 1949-ஆம் ஆண்டில் மிதிவண்டி செய்யும் நிறுவனம் ஒன்று சென்னையில் தோன்றியது. அதன் தொழிற்சாலை அம்பத்தூரில் எழுந்தது. அதன்பின் ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் நம் நாட்டிலேயே உருவாயின. அந்நாளில் மிதிவண்டிக்கும் வரி உண்டு. நகராட்சியும் ஊராட்சியும் வரி பெற்றுக்கொண்டு, எண் பொறித்த சிறிய தகட்டு வில்லையைத் தரும். அவ்வில்லையை வண்டியிலே கட்டிக்கொள்ளவேண்டும். வில்லையின்றியோ, இரவில் விளக்கின்றியோ சென்றால் தண்டம் செலுத்த நேரும். அவ்வரி இன்று இல்லை. ஆனால், அவ்வில்லையைத் தாங்கிய பழைய மிதிவண்டி, இன்ன ஆண்டில் இன்ன ஊரில் ஓடினேன் என்று தன் வாயாலேயே சான்று கூறுகின்றது. அத்தகைய வில்லையைக் கழற்றி எறிதல், ஏட்டின் முதற்பக்கத்தைக் கிழித்து எறிதலை ஒக்கும்.

இனி, பழம்போர் ஊர்திகளைத் திரட்டுவோர் மேற்கொள்ளவேண்டிய முறைகளை ஆராய்வோம். முதலாவது, மெய்ம்மை ஆராய்தல். ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் அடிச்சட்டத்தில் ஓர் எண்ணும், இயந்திரத்தில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்களே அதன் பிறப்புச் சான்று. போர்டு நிறுவனத்தார் தாம் செய்த ஜீப்பு வண்டியின் உறுப்புகள் பலவற்றிலும், திருகாணிகளின் தலையிலுங்கூட, தம் பெயரின் முதலெழுத்தைப் பொறித்தனர். வில்லிஸ் வண்டியில் அக்குறி இராது. எனினும், களத்திலே பழுதுபார்ப்போர் கைக்குக் கிடைத்த உறுப்பைப் பூட்டினர். ஆதலால், வில்லிஸ் வண்டியிலே போர்டின் திருகாணியைக் கண்டவுடன் அதனைப் போலியென இகழ்தல் கூடாது. அத்திருகாணியும் அவ்வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியே. போலி என்பது வேறு. விலையுயர்த்தும் பொருட்டு ஒரு வண்டியின் எண் தகட்டைப் பெயர்த்து மற்றொன்றில் அறைந்து, பிற்கால வண்டியைப் போர் கண்ட வண்டியென விற்போர் உளர். எண்ணை மாற்றுதல் சட்டப்படி குற்றம். அறத்தின்படியோ, அது வரலாற்றைக் கொல்லுதல்.

இரண்டாவது, பேணுதல். தென்காசி வட்டாரத்திலே பழைய இரும்பைக் காப்போர்க்குப் பகை சாரற்காற்றே. மேனிக்கு இன்பம் தரும் அக்காற்றின் ஈரம் இரும்பிற்கு நஞ்சாகும். இரும்பு ஈரத்தோடும் காற்றிலுள்ள உயிர்வளியோடும் கூடும்போது துருவாக மாறுகின்றது. துரு மேற்பரப்போடு நில்லாது. உதிர்ந்து உதிர்ந்து உள்ளே செல்லும். எனவே, வண்டியை மண்தரையில் நிறுத்தலாகாது. காற்றோட்டமுள்ள கூரையின்கீழ், கல் அல்லது மரப்பலகையின்மேல் நிறுத்தவேண்டும். ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும் கனத்த விரிப்பால் மூடலாகாது. இறுகிப்போன திருகாணியைச் சம்மட்டியால் தாக்காமல், மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டுத் திருகவேண்டும். எண் பொறித்த இடத்தை அரத்தால் தேய்க்கவே கூடாது. தேய்த்தால் எண் அழியும். பழைய வண்ணத்தைச் சுரண்டுமுன், அடியிலுள்ள எழுத்தும் குறியும் புலப்படுமாறு ஒளிப்படம் எடுத்து வைத்தல் நலம். புத்தம்புதிதாய்ப் பளபளக்கச் செய்வது காத்தல் ஆகாது. முதியவரின் முகத்துச் சுருக்கங்களை வழித்தெறிந்து இளமை உண்டாக்க முடியுமா?

மூன்றாவது, எழுதி வைத்தல். வண்டியை யார் வாங்கினார், எங்கே வாங்கினார், எதற்குப் பயன்படுத்தினார் என்பவற்றைக் குடும்பத்து முதியோரிடம் கேட்டு, நாளும் பெயரும் குறித்து வைத்தல் வேண்டும். பழைய விலைச்சீட்டு, வரிச்சீட்டு, ஏலப் பத்திரம் ஆகியவை வண்டியின் உறுப்புகளைப் போலவே அருமையுடையன. உறுப்புக் கெட்டால் வேறொன்று செய்து கொள்ளலாம். சீட்டுக் கெட்டால் சான்று போயிற்று.

நான்காவது, சட்டத்திற்கு அடங்கி நடத்தல். இதனைச் சற்று விரிவாக அறிதல் வேண்டும். அயல்நாட்டிலிருந்து பழைய வண்டியை வரவழைக்க விரும்புவோர் இறக்குமதி விதிகளைக் கற்கவேண்டும். 1950-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளைத் தனி உரிமம் இன்றி இறக்குமதி செய்யலாம் என்பது நெடுங்காலம் நிலவிய விதி. இரண்டாம் உலகப்போரின் வண்டிகள் யாவும் இவ்வெல்லைக்குள் அடங்கும். 2025-ஆம் ஆண்டில் அவ்வெல்லை தளர்த்தப்பட்டு, 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கும் வழி திறக்கப்பட்டது. ஆயினும் சுங்கவரி சிறிதன்று. துறைமுகத்தில் வரி செலுத்திப் பெற்ற சுங்கச் சான்றே, வண்டியைப் பதிவு செய்வதற்கு அடிப்படையாகும். படைக்கலங்கள் எவையேனும் வண்டியில் பொருத்தப்பட்டிருந்தால், அவை 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திற்கு உட்பட்டவை என்பதையும் மறக்கலாகாது.

இந்தியப் படைத்துறையின் ஊர்திகள் பொதுமக்கள் ஊர்திகளைப்போலப் பதிவு செய்யப்படுவதில்லை. மேல்நோக்கிய அம்புக்குறியுடன் கூடிய தனி எண் அவற்றிற்கு உண்டு. பணியினின்று நீக்கப்பட்டு ஏலத்தில் விற்கப்படும்போது, அவ்வெண் நீங்கிவிடும். வாங்கியவர், படைத்துறை அதிகாரிகளிடமிருந்து 21-ஆம் எண் படிவத்தில் மூல விற்பனைச் சான்று பெறவேண்டும். அச்சான்றைக் காட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிய எண் பெறவேண்டும். தென்காசி அலுவலகத்தில் பதிவாகும் வண்டிகள் டிஎன் 76 என்னும் குறியைத் தாங்கும். பல கை மாறி, மூலச் சான்று தொலைந்துபோன வண்டியை வாங்குபவர், உருவை வாங்குகின்றாரேயன்றி உரிமையை வாங்குவதில்லை.

பழம் ஊர்திகளுக்கென்றே நடுவண் அரசு 2021-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தனி விதிகளை வகுத்தது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிகளும், ஆட்கள் செல்லும் சிறிய நான்குசக்கர வண்டிகளும் இவ்விதிகளில் அடங்கும். சரக்கு வண்டிகளுக்கு இதில் இடமில்லை. அடிச்சட்டம், மேற்கூடு, இயந்திரம் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்பட்டிருத்தல் கூடாது. 20-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பம் எழுதி, காப்புறுதிப் பத்திரத்தையும், இறக்குமதி வண்டியாயின் சுங்கச் சீட்டையும், முன்பே பதிவானதாயின் பழைய பதிவுச் சான்றையும் இணைத்தல் வேண்டும். புதுப்பதிவிற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவிற்கு 5,000 ரூபாய். புதிதாய்ப் பதிவாகும் வண்டியின் எண்ணில், மாநிலக் குறியை அடுத்து விஏ என்னும் ஈரெழுத்துகள் வரும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். பழைய எண் வரலாற்றின் ஒரு பகுதி என்பதை இவ்விதி ஒப்புக்கொள்வது போற்றத்தக்கது.

உரிமையோடு கட்டுப்பாடும் உண்டு. இவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்திற்கோ வாணிகத்திற்கோ பயன்படுத்தலாகாது. கண்காட்சி, ஆராய்ச்சி, பழம் ஊர்தி ஊர்வலம் ஆகியவற்றிற்கும், எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றிற்கும் மட்டுமே சாலையில் ஓட்டலாம். படைத்துறை வண்டிகளுக்கே உரிய ஒலிவப் பச்சை வண்ணத்தைப் பிறர் தம் வண்டிக்குப் பூசலாகாது என்பதும் மோட்டார் வண்டி விதிகளுள் ஒன்று. போர் கண்ட வண்டியை அதன் பழைய வண்ணத்திலே காண விழைவோர்க்கு இது வருத்தம் தரலாம். ஆயினும், உண்மையான படைவண்டி எது என்பதில் ஐயம் எழலாகாது என்ற காரணத்தை எண்ணிப் பார்ப்பின், அவ்விதியின் நியாயம் விளங்கும். மிதிவண்டிக்கோ இத்தகைய பதிவு எதுவும் வேண்டுவதில்லை. ஆகவே, பழம்பொருளைக் காக்கும் பணியில் முதலடி வைக்க விரும்பும் எளியோர்க்கு மிதிவண்டியே ஏற்ற தொடக்கம்.

இப்பணியைப் பெருமுயற்சியாகச் செய்வோரும் நம் நாட்டில் உளர். மகாராட்டிரத்தில் அகமதுநகரிலே 1994-ஆம் ஆண்டில் படைத்துறையினர் பீரங்கி வண்டிகளுக்கெனக் காட்சிச்சாலை ஒன்றை அமைத்தனர். அந்நகரின் இன்றைய பெயர் அகில்யாநகர். அரியானாவில் தாவுரு என்னும் ஊரில் 2013-ஆம் ஆண்டில் போக்குவரத்துக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. நம் கோயம்புத்தூரிலே 2015-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடுவின் பெயரால் விளங்கும் அறநிலையத்தார் பழைய மோட்டார் வண்டிகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தனர். வாய்ப்பு நேரும்போது இவற்றை மாணவர்கள் கண்டுவருதல் வேண்டும்.

ஆனால், காட்சிச்சாலைக்குச் செல்வதற்கு முன் நம் வீட்டின் பின்கட்டைப் பார்ப்போமாக. அங்கே ஒரு பழைய மிதிவண்டி சாய்ந்து கிடக்கலாம். அது போர்க்களம் காணாததாக இருக்கலாம். பெருவிலை பெறாததாகவும் இருக்கலாம். ஆயினும், சிங்கப்பூரிலிருந்து பாட்டனார் அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டதோ, அஞ்சற்காரராய் அவர் ஊரூராய்ச் சென்றதோ, மகளைப் பள்ளிக்கு ஏற்றிச் சென்றதோ யார் அறிவார்? அறிந்தவர் ஒருவர் இன்னும் வீட்டில் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். துருவை நீக்க நாளை முயலலாம்; மறதியை நீக்க நாளை முடியாது போகலாம்.

தென்காசிக் கோயிலின் கல்வெட்டு இன்றும் நம்மை நோக்கி நிற்கின்றது. மன்னன் தன் முடியைத் தாழ்த்தியது கோயிலைக் காப்பவர்க்கே ஆயினும், முன்னோர் விட்டுச் சென்றதைப் பழுது நீக்கிக் காக்கும் கைகள் யாவும் வணங்கத்தக்கவை என்னும் உண்மை அதில் அடங்கியுள்ளது. வண்டியின் உருவைக் காப்போம்; அதன் எண்ணைக் காப்போம்; அதன் கதையை உள்ளது உள்ளபடியே காப்போம். போரின் கொடுமையை நினைவூட்டி, அமைதியின் அருமையை உணர்த்தும் நல்லாசிரியர்களாக அவ்வூர்திகள் வருங்கால மக்களுக்கு விளங்கும்.